கடற்கரைக் கற்களும் தச்சர் மகளும்



பத்துமலையின் 272 படிகளை நம்மில் பலர் ஏறியிருக்கிறோம். அந்தக் குன்று எந்தக் கல்லால் ஆனது என்று வகுப்பில் கேட்டால், சுண்ணாம்புக்கல் என்று ஐந்தாம் ஆண்டு மாணவனும் சொல்லிவிடுவான். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்டால்தான் வகுப்பு அமைதியாகும். அது கடலடியில் படிந்தது. ஈப்போவைச் சுற்றி நிற்கும் குன்றுகளும் அவ்வாறே ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தவைதாம்.

மலையாக நிற்பது முன்பு கடலாக இருந்தது என்பதை மனிதன் எப்படித் தெரிந்துகொண்டான்? பெரிய கருவிகளைக் கொண்டு அல்ல. கைக்குள் அடங்கும் சிறு கற்களைக் கொண்டுதான். சிப்பி, நத்தை, கடல் அல்லி போன்ற உயிர்கள் கல்லாக மாறிக் கிடப்பதை யாரோ குனிந்து எடுத்தார்கள். அப்படி எடுத்தவர்களுள் ஒருவர் வறுமையில் பிறந்த ஒரு தச்சரின் மகள். அவர் வாழ்ந்த கடற்கரையைப் பற்றியும், அவருடைய உழைப்பு யார் பெயரில் எழுதப்பட்டது என்பதைப் பற்றியும் இன்று பேசுவோம்.

முதலில் புதைபடிவம் என்பது என்ன என்று பார்ப்போம். கடலில் வாழும் ஓர் உயிர் இறந்து அடியில் விழுகிறது. மென்மையான உடல் அழுகிப் போகிறது. ஓடு சேற்றில் புதைகிறது. அதன்மேல் மேலும் மேலும் சேறு படிகிறது. பல இலட்சம் ஆண்டுகளில் சேறு இறுகிப் பாறையாகிறது. ஓட்டின் இடத்தில் நீரில் கரைந்து வரும் தாதுப்பொருள்கள் சென்று அமர்கின்றன. உயிர் போய்விட்டது; உருவம் கல்லாக நின்றுவிட்டது. அதுவே புதைபடிவம்.

இவற்றுள் மிகவும் புகழ் பெற்றது அம்மோனைட். ஆட்டுக்கிடாயின் கொம்பைப் போலச் சுருண்ட ஓடு அது. உள்ளே பல அறைகள் உண்டு. கடைசி அறையில் உயிர் குடியிருந்தது. மற்ற அறைகள் காற்றை அடைத்துக்கொண்டு அது மிதப்பதற்கு உதவின. இந்த அம்மோனைட் நமக்குப் புதியதன்று. வைணவப் பெரியோர் பூசையில் வைத்து வணங்கும் சாளக்கிராமக் கல்லை நினைத்துப் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கரிய கல்லுக்குள் தெரியும் சக்கரம் ஓர் அம்மோனைட்டின் சுருளே ஆகும். இமயமலை எழுவதற்கு முன் அங்கே பரந்திருந்த கடலில் வாழ்ந்த உயிர் அது. திருமாலின் சக்கரமாக நம் முன்னோர் கண்டதை மேல்நாட்டார் பாம்பு கல்லானதாகக் கண்டனர். இங்கிலாந்தின் விட்பி என்னும் ஊரில், புனித ஹில்டா என்னும் துறவி பாம்புகளையெல்லாம் கல்லாக்கினார் என்று கதை வழங்கியது. அவ்வூர் வணிகர்கள் சுருண்ட கல்லின் நுனியில் பாம்புத் தலையையும் செதுக்கி விற்றார்கள்!

இனி நம் கதை நடக்கும் ஊருக்குச் செல்வோம். இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் மாவட்டத்தில் இருக்கும் சிறிய துறைமுகம் லைம் ரீஜிஸ். ஊரின் இருபுறமும் கடலை ஒட்டிச் செங்குத்தான பாறைச் சுவர்கள் நிற்கின்றன. சாம்பல் நீலச் சுண்ணாம்புக்கல் ஓர் அடுக்கு, கரிய களிப்பாறை ஓர் அடுக்கு என்று மாறிமாறி அடுக்கி வைத்தாற்போல் அவை தோன்றும். இப்பாறைகள் படிந்து ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் ஆகின்றன. மழை ஊறினால் களிப்பாறை வழுக்கும். மேலே உள்ள கல் சரிந்து விழும். விழுந்த மண்ணை அலை கழுவிக்கொண்டு போகும். கனமான கற்கள் கரையில் தங்கும். இவ்வாறு ஒவ்வொரு புயலும் புதிய புதைபடிவங்களைக் கரையில் பரப்பிவிட்டுச் செல்கிறது.

நம் நாட்டில் ஆண்டு முழுதும் வெப்பந்தான். இங்கிலாந்திலோ ஜூன் முதல் ஆகஸ்டு வரையில்தான் கோடை. 18ஆம் நூற்றாண்டில், கடல்நீரில் குளிப்பது உடல்நலத்துக்கு நல்லது என்னும் எண்ணம் அங்கே பரவியது. பிரெஞ்சுப் புரட்சியையும் அதன் பின் நெப்போலியன் நடத்திய போர்களையும் அடுத்து, ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போக வசதியுள்ளவர்களுக்கு வழி அடைபட்டது. அவர்கள் கோடைக் காலத்தில் தம் நாட்டுக் கடற்கரை ஊர்களுக்கே வந்தார்கள். லைம் ரீஜிசுக்கும் வந்தார்கள். புகழ் பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினும் 1804ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே தங்கியிருந்தார். உடைந்துபோன ஒரு பெட்டியின் மூடியைச் சரி செய்ய ஓர் உள்ளூர்த் தச்சரை அழைத்தார். அவர் 5 ஷில்லிங் கேட்டாராம். அது மிக அதிகம் என்று ஆஸ்டின் தம் கடிதத்தில் குறை கூறியிருக்கிறார்.

அந்தத் தச்சர்தாம் ரிச்சர்டு ஆனிங். தச்சு வேலையில் வந்த வருமானம் போதவில்லை. ஓய்வு கிடைத்தபோது கடற்கரையில் கற்களைப் பொறுக்குவார். வீட்டு வாசலில் ஒரு மேசையைப் போட்டு அவற்றைப் பரப்பி, கோடையில் வரும் பயணிகளுக்கு விற்பார். அம்மோனைட்டுக்குப் 'பாம்புக்கல்' என்று பெயர். துப்பாக்கிக் குண்டைப் போல் நீண்டு கூர்மையாக இருக்கும் பெலம்னைட்டுக்குப் 'பேய்விரல்' என்று பெயர். வந்தவர்கள் இவற்றை ஊர் திரும்பும்போது நினைவுப்பொருளாக வாங்கிச் சென்றார்கள்.

ரிச்சர்டுக்கும் அவர் மனைவிக்கும் பிறந்த குழந்தைகள் ஏறக்குறைய பத்துப் பேர். அவர்களுள் வளர்ந்து ஆளானவர்கள் ஜோசப் என்னும் மகனும், 1799ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பிறந்த மேரி என்னும் மகளும் மட்டுமே. தந்தை இரு பிள்ளைகளையும் கரைக்கு அழைத்துச் சென்று தொழிலைக் கற்றுக் கொடுத்தார். 1810ஆம் ஆண்டில் அவர் காலமானார். காசநோய் ஒருபுறம், பாறையிலிருந்து விழுந்த காயம் ஒருபுறம். விட்டுச் சென்றது 120 பவுன் கடன். குடும்பம் திருச்சபை வட்டம் கொடுத்த ஏழை உதவியைக் கொண்டு பிழைத்தது.

மேரிக்கு அப்போது 11 வயது. தந்தை இறந்தபின் ஒருநாள் அவள் கரையில் கண்டெடுத்த ஓர் அம்மோனைட்டை ஒரு சீமாட்டி இரண்டரை ஷில்லிங் கொடுத்து வாங்கினார் என்றும், அன்றே இதனைத் தொழிலாகக் கொள்ள அவள் முடிவு செய்தாள் என்றும் சொல்வார்கள். தோட்டப் பள்ளிகளில் நாங்கள் இக்கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் உடனே கேட்பது, "அவள் பள்ளிக்கூடம் போகவில்லையா?" என்பதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சபை நடத்திய பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றாள். அவள் பெற்ற பள்ளிக் கல்வி அவ்வளவே.

தொழில் எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வாங்குவோர் வருவது கோடையில். கற்கள் கிடைப்பதோ குளிர்காலத்தில். புயலும் மழையும் பாறையைச் சரிக்கும் காலம் அதுவே. சரிந்த மண்ணை அலை முழுவதும் கொண்டுபோய்விடும் முன் தேட வேண்டும். கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்க வேண்டும். ஏறும் முன் திரும்ப வேண்டும். நேரம் தவறினால் முன்னே கடல், பின்னே செங்குத்துப் பாறை, தப்ப வழியில்லை. கையில் ஒரு சுத்தியல், ஒரு கூடை. கூட ஒரு நாய். அதன் பெயர் டிரே. 1833ஆம் ஆண்டில் பாறை சரிந்தபோது மேரியின் கண்ணெதிரே டிரே அதில் சிக்கி மாண்டது. மேரி நூலிழையில் உயிர் தப்பினார்.

சிறு கற்களைத் தேடுவதிலும் நுட்பம் உண்டு. அருகிலுள்ள சார்மவுத் கரையில் நாணயம் அளவுள்ள அம்மோனைட்டுகள் பொன் நிறத்தில் கிடைக்கின்றன. அது பொன் அன்று; இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு தாது. ஓடு கரைந்த இடத்தில் அது நிரம்பியிருக்கிறது. சாதாரணக் கூழாங்கல்லைவிட அது கனமானது. ஆகவே அலை அதனை மற்றக் கனமான பொருள்களோடு ஓரிடத்தில் ஒதுக்கும். அந்த இடத்தை அறிந்தவர் குனிந்து மெதுவாகத் தேடினால் போதும். கடல் அல்லியின் தண்டுத் துண்டுகள் ஐந்து முனை விண்மீனைப் போல் இருக்கும். அரிசிமணியைவிடச் சற்றுப் பெரியவை. பழகாத கண்ணுக்கு அவை மண். பழகிய கண்ணுக்கு விண்மீன்.

1811ஆம் ஆண்டில் ஜோசப் பாறையில் 4 அடி நீளமுள்ள ஒரு தலை எலும்பைக் கண்டான். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், எஞ்சிய உடலை மேரி கண்டுபிடித்தாள். வேலையாட்கள் உதவியோடு அது வெட்டி எடுக்கப்பட்டது. இன்று இக்தியோசார் எனப்படும் கடல் ஊர்வன அது. நீளம் 17 அடி. அதனை ஊர்ப் பெருநிலக்கிழார் 23 பவுனுக்கு வாங்கினார். அவரிடமிருந்து அது இலண்டன் காட்சிசாலை ஒன்றுக்குப் போனது. 1819ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதனை 45 பவுன் 5 ஷில்லிங் கொடுத்து வாங்கியது. அதைப் பற்றி அறிஞர்கள் கட்டுரைகள் எழுதினார்கள். கண்டெடுத்த பிள்ளைகளின் பெயர் அவற்றில் இல்லை.

பெரிய எலும்புகள் எப்போதோ ஒருமுறைதான் கிடைக்கும். அடுப்பு எரிந்தது பாம்புக்கல்லாலும் பேய்விரலாலுந்தான். 1820ஆம் ஆண்டில், ஓராண்டு முழுவதும் பெரிதாக ஒன்றும் அகப்படாமல் வீட்டு வாடகைக்காக மேசை நாற்காலிகளை விற்கும் நிலைக்குக் குடும்பம் வந்துவிட்டது. அப்போது தாமஸ் பர்ச் என்னும் முன்னாள் படை அதிகாரி, தாம் பலரிடமும் வாங்கிச் சேர்த்திருந்த புதைபடிவங்களையெல்லாம் ஏலம்விட்டு, கிடைத்த 400 பவுனை அக்குடும்பத்திற்கு அளித்தார்.

மேரி வெறும் பொறுக்கியெடுப்பவராக நின்றுவிடவில்லை. அறிவியல் கட்டுரைகளை இரவல் வாங்கிப் படங்களோடு கையால் படியெடுத்துப் படித்தார். மீனையும் கணவாயையும் அறுத்துப் பார்த்து உடலமைப்பைக் கற்றார். சந்தையில் நாம் சோத்தோங் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் கணவாயைக் கழுவும்போது கருமை கொட்டுவதைத் தாய்மார்கள் அறிவார்கள். பெலம்னைட்டும் கணவாய்க்கு உறவான உயிர். அதன் படிவம் ஒன்றில் உலர்ந்த மைப்பை இருப்பதை 1826ஆம் ஆண்டில் மேரி கண்டார். அவருடைய தோழி எலிசபெத் பில்பாட் அந்த மையை நீரில் கரைத்து, அதைக் கொண்டே புதைபடிவங்களின் படங்களை வரைந்தார். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பழமையான மை, 19ஆம் நூற்றாண்டில் தாளில் ஓடியது!

1823ஆம் ஆண்டின் இறுதியில் மேரி மற்றொரு வியப்பைத் தோண்டினார். மிக நீண்ட கழுத்தும் சிறிய தலையும் கொண்ட பிளீசியோசாரின் முழு எலும்புக்கூடு அது. பாரிசில் இருந்த பேரறிஞர் குவியே, இவ்வளவு நீண்ட கழுத்து இருக்க முடியாது, இது பொய்யாக ஒட்டப்பட்டதாக இருக்கலாம் என்று ஐயுற்றார். அந்த ஐயம் நிலைத்திருந்தால் மேரியின் பிழைப்பே போயிருக்கும். 1824ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியல் கழகத்தில் கோனிபியர் அதை விளக்கினார். அது உண்மையானதே என்று உறுதிப்பட்டது, குவியேயும் ஏற்றுக்கொண்டார். ஆனால் கோனிபியரின் உரையில் மேரியின் பெயர் வரவில்லை. கழகத்தில் பெண்களுக்கு இடமும் இல்லை.

இந்தச் சிறு கற்களால் அறிவியலுக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். வில்லியம் ஸ்மித் என்பவர் ஆக்ஸ்போர்டுசயர் மாவட்டத்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். அவருடைய ஊரில் பால்காரப் பெண்கள் வெண்ணெய் நிறுக்க, கல்லான கடல் முள்ளெலியை எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். பிள்ளைகள் கல்லான சிப்பிகளைக் கோலியாக உருட்டி விளையாடினார்கள். ஸ்மித் வளர்ந்து நில அளவையாளராகிக் கால்வாய் வெட்டும் இடங்களில் வேலை செய்தார். அங்கே ஓர் உண்மையைக் கண்டார். ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் உள்ளன. ஆகவே கல்லைப் பார்த்து அடுக்கைச் சொல்லலாம்; இந்த அடுக்கு முந்தியது, அந்த அடுக்கு பிந்தியது என்று வரிசைப்படுத்தலாம். இந்த முறையைக் கொண்டு 1815ஆம் ஆண்டில் இங்கிலாந்து முழுமைக்கும் நிலவியல் வரைபடம் வெளியிட்டார். பின்னர் 1850களில் ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் ஓப்பல், அம்மோனைட்டுகளைக் கொண்டே ஜுராசிக் காலத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார். அம்மோனைட்டின் வகைகள் விரைவாக மாறின. பரந்த கடல்களில் வாழ்ந்தன. ஆகவே அவை பூமியின் வரலாற்று நூலுக்குப் பக்க எண்களாயின.

ஆனால் பக்க எண் பயன்பட வேண்டுமானால், கல் எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத புதைபடிவம் அழகிய கல், அவ்வளவே. லைம் ரீஜிசில் எந்த அடுக்கில் எது கிடைக்கும் என்பதை மேரியைப் போல் அறிந்தவர் அரியர். அவரைத் தேடி அறிஞர்கள் வந்தார்கள். பக்லண்டு வந்து அவரோடு கரையில் நடந்தார். 1834ஆம் ஆண்டில் மீன் படிவ ஆய்வாளர் அகாசி வந்தார். பின்னர் இரண்டு மீன் இனங்களுக்கு மேரியின் பெயரைச் சூட்டினார். 1844ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டு மன்னரே அவர் கடைக்கு வந்து பொருள் வாங்கினார்.

நண்பர்களும் உதவாமல் இல்லை. சிறு வயதில் அவரோடு கல் தேடிய ஹென்றி டி லா பீச், 1830ஆம் ஆண்டில் பழங்காலக் கடலின் காட்சியைப் படமாகத் தீட்டி, அதன் படிகளை விற்ற பணத்தை அவருக்குக் கொடுத்தார். 1835ஆம் ஆண்டு முதல் மேரிக்கு ஆண்டுக்கு 25 பவுன் உதவித்தொகை கிடைத்தது. 1847ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், தம் 47ஆம் வயதில், மார்பகப் புற்றுநோயால் அவர் காலமானார். நிலவியல் கழகத்தின் தலைவராக இருந்த டி லா பீச் அவருக்குப் புகழுரை படித்தார். உயிரோடு இருந்தபோது உள்ளே வர இயலாத பெண்ணுக்கு, இறந்தபின் அந்த மன்றத்தில் மரியாதை! பெண்களை அக்கழகம் உறுப்பினராக ஏற்றது 1919ஆம் ஆண்டில்தான். 2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரச அறிவியல் கழகம், அறிவியலில் பெரும் தாக்கம் விளைவித்த பத்து பிரிட்டிஷ் பெண்களுள் ஒருவராக மேரியை அறிவித்தது. 2022ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், அவர் பிறந்த ஊரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. அந்த முயற்சியைத் தொடங்கி வைத்தவள் ஒரு பள்ளிச் சிறுமி என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தமிழ் மண்ணிலும் இத்தகைய கடல் இருந்தது. அரியலூர், திருச்சிராப்பள்ளி, புதுச்சேரிப் பக்கங்களில் அம்மோனைட்டும் சிப்பியும் கல்லாகக் கிடைக்கின்றன. 1840களில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் அவற்றைச் சேகரித்து இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846ஆம் ஆண்டில் அவற்றை ஆராய்ந்து எழுதினார். லைம் ரீஜிசில் மேரி உயிரோடிருந்த அதே காலம் அது.

1903ஆம் ஆண்டில் லைம் ரீஜிசுக்கு இரயில் பாதை வந்தது. காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகள் கூடினர். 1965ஆம் ஆண்டில் அந்தப் பாதை மூடப்பட்டது. ஆனால் கூட்டம் குறையவில்லை. 2001ஆம் ஆண்டு முதல் அக்கடற்கரை உலகப் பாரம்பரியப் பகுதியாக உள்ளது. இன்றும் கோடை நாளில் பெற்றோரும் பிள்ளைகளும் கடல் வற்றும் நேரம் பார்த்துக் கரையில் குனிந்து தேடுகிறார்கள். அங்கே ஒரு நெறிமுறை உண்டு. கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம். பாறைச் சுவரைத் தோண்டக் கூடாது. அறிவியலுக்கு முக்கியமான பொருள் கிடைத்தால் சார்மவுத் மையத்தில் பதிவு செய்ய வேண்டும். மேரியின் காலத்தில் இத்தகைய பதிவு இருந்திருந்தால் அவர் பெயரை மறைக்க எவராலும் முடிந்திருக்காது.

மாணவர்களே, லங்காவித் தீவுக்குச் சென்றால், சுண்ணாம்புப் பாறைகளில் பழைய கடல் உயிர்களின் தடங்களைக் காணலாம். அவ்விடம் காக்கப்பட வேண்டிய நிலவியல் பூங்கா. ஆகவே கண்ணால் பாருங்கள், படம் வரையுங்கள், பெயர்த்தெடுக்க வேண்டா. உங்கள் பள்ளி அறிவியல் மூலையில் ஒரு சிப்பியையோ கல்லையோ வைக்கும்போது, அதன் அருகில் ஒரு சிறு சீட்டு வையுங்கள். அதில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்த நாளில் கிடைத்தது, யார் கண்டெடுத்தது.

அந்த நான்காவது வரியைத்தான் மேரியின் காலத்து அருங்காட்சியகங்கள் எழுதத் தவறின. வாங்கியவர் பெயரும் வழங்கியவர் பெயரும் சீட்டில் இருந்தன. குளிரில் குனிந்து எடுத்தவர் பெயர் இல்லை. கண்டெடுத்தவர் தோட்டக்காரர் மகனாக இருக்கலாம், பால் வெட்டுபவர் மகளாக இருக்கலாம். பெயரை முழுமையாக எழுதுங்கள்.